மருமகனுக்கு ஒரு பால்வாடி தேடி...

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவுல தள்ளிக்கிட்டே போன விஷயம் இது. போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். இனியும் தள்ளிப்போட்டா எழுதவே மாட்டேன்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்கா.

எனக்கு ஊரு திருச்சுழி பக்கம். அருப்புக்கோட்டையில இருந்து கிழக்க போற ரோடு. ரெண்டு பக்கமும் வேலிக்கருவை, நடுவுல நடுவுல கரிசல், மழை பேஞ்சா குதிரைவாலி, பருத்தி. ரமண மகரிஷி பொறந்த ஊருக்குப் பக்கத்து ஊருன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு லேசா பிடிபடும். என் அக்காவை உள்ளூர்லயே அத்தை மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். மச்சானுக்கு அருப்புக்கோட்டையில மில்லு வேலை, ஷிப்டு முறை.

2021-ல மருமகன் பொறந்தான். பொறந்த மூணாவது நாளே முகத்தைப் பார்த்துட்டு டாக்டருங்க குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. ரத்தம் எடுத்து குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. டவுன் சிண்ட்ரோம். நம்ம எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா இருக்கிற குரோமோசோம்ல, 21-வது மட்டும் இவனுக்கு மூணு. ரிசல்ட்டைக் கையில கொடுத்த ஒருத்தர், "இந்தப் பிள்ளைகிட்ட பெருசா எதிர்பார்க்காதீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. அவ்வளவுதான் எங்களுக்குக் கெடைச்ச அறிவுரை.

ஊர்ல ஆளாளுக்கு ஒரு காரணம். சொந்தத்துல கட்டுனதாலன்னு ஒரு கூட்டம், கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தாள்னு இன்னொரு கூட்டம். ரெண்டும் இல்லை. கரு உருவாகுற நேரத்துல செல் பிரியும்போது நடக்கிற பிசகு இது. அம்மாவோட வயசு கூடக்கூட வாய்ப்பு கூடும், ஆனா சின்ன வயசு அம்மாக்களுக்கும் வரும். அக்காவுக்கு அப்போ 28. இதை நான் எங்க வீட்டு முற்றத்துல எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்னு கணக்கே இல்லை. எல்லாரும் தலையாட்டிட்டு, "இருந்தாலும் சொந்தத்துல..."ன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வாரேன். பயலுக்கு ரெண்டே கால் வயசுல நடை வந்துச்சு. மூணு வயசுல வார்த்தைன்னு பார்த்தா "ம்மா", "தா", "ஆ" மட்டும்தான். அடுத்து எங்க சேர்க்கிறதுன்னு கேள்வி வந்தப்ப, வீட்டுல படிச்சவன்னு இருக்கிறது நான்தான்ங்கிறதால பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

நான் என்ன பண்ணுவேன்? எக்செல் தொறந்தேன்.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் நல்லா இருக்கு. 40 சதவீதத்துக்கு மேல குறைபாடு இருக்கிற பிள்ளைங்க, பக்கத்துப் பள்ளியிலயோ சிறப்புப் பள்ளியிலயோ, எது வேணுமோ அதுல இலவசமாப் படிக்கலாம். நாமளே தேர்ந்தெடுக்கலாம்! ஆகா, பிரமாதம்னு படிச்சுக்கிட்டே வந்தா, அங்கயும் 6 வயசுல இருந்து 18 வயசு வரைன்னு போட்டிருக்கு.

6 வயசுக்குக் கீழ? அரசியல் சட்டத்துல 45-வது பிரிவு இருக்கு. 2002-ல திருத்தினது. ஆறு வயசு வரைக்கும் குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் கொடுக்க அரசு "முயற்சி செய்யும்"னு சொல்லுது. நான் கூட ஒவ்வொரு ஜனவரியும் உடம்பைக் குறைக்க முயற்சி செய்யுறேன்.

ஆனா இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அந்த ஊர் அங்கன்வாடி மூலமா சாப்பாடு கொடுத்தாகணும். அது உரிமை. உச்ச நீதிமன்றமும் 2006 டிசம்பர்ல, எல்லாக் குடியிருப்புக்கும் அங்கன்வாடி போய்ச் சேரணும்னு உத்தரவு போட்டிருக்கு. அதாவது என் மருமகனுக்கு அங்கன்வாடியில மதியச் சோறு சட்டப்படி உண்டு, வாரம் மூணு முட்டையும் கெடைக்கும். பக்கத்துல உக்காந்து பாட்டு கத்துக்கிறதுக்குத்தான் 'முயற்சி'. மூளை வேகமா வளர்ற வயசு இதுதான், பயிற்சி கொடுத்தா அதிகமாப் பிடிக்கிற வயசும் இதுதான்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. சட்டம் என்னடான்னா ஆறாவது பொறந்தநாள் கேக்கு வெட்டுனதுக்கு அப்புறம்தான் கதவைத் தொறக்குது.

என்கூட ரூம்ல இருந்த நண்பன் ஒருத்தன் இப்போ டல்லாஸ்ல இருக்கான். அவன் பையனுக்குப் பேச்சு லேட்டு. அங்க 1986-லயே சட்டத்தைத் திருத்தி, மூணு வயசுல இருந்தே அரசாங்கச் செலவுல சிறப்புப் பயிற்சியோட பாலர் பள்ளின்னு வச்சிட்டாங்க. பையனுக்கு மூணு வயசு ஆனதும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல கூப்பிட்டு, சோதிச்சு, இவனுக்குன்னு தனியா திட்டம் எழுதிக் கொடுத்து, மஞ்ச பஸ்ஸும் வாசலுக்கு அனுப்பிட்டாங்களாம். "உங்க டிஸ்ட்ரிக்ட்ல என்னடா சொல்றாங்க?"ன்னு கேட்டான். "எங்க டிஸ்ட்ரிக்ட்ல கலெக்டர்தான்டா இருக்காரு"ன்னேன்.

எக்செல்ல நாலு வரிசை போட்டேன்.

ஒண்ணு, மதுரைக்குக் குடி போறது. அங்க அரசு மானியத்துல தொண்டு நிறுவனங்க நடத்துற ஆரம்பநிலைப் பயிற்சி மையங்க இருக்கு. பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, சிறப்பாசிரியர் எல்லாம் ஒரே இடத்துல. 100-க்கு 82 மார்க்.

ரெண்டு, வீட்டுலயே வச்சுக்கிட்டு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிட்டுப் போறது. 2013-ல வந்த தேசிய சிறார் நலத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு கொண்டுவந்தது. நமக்கு விருதுநகர். 71 மார்க்.

மூணு, டவுன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்துல நடக்கிற எல்.கே.ஜி. 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல 2,381 இடத்துல அங்கன்வாடியிலயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்களே, அந்த மாதிரி ஒண்ணு. 58 மார்க்.

நாலு, எங்க ஊர் பால்வாடி. ஒரு டீச்சர், ஒரு ஆயா, ஒரு வேப்பமரம். 37 மார்க்.

(அஞ்சாவதா ஒரு மெட்ரிக் ஸ்கூலும் இருந்துச்சு. போன்லயே "நீங்க ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க சார்"னு சொல்லிட்டாங்க. வரிசையை அழிச்சிட்டேன்.)

போன வருஷம் சித்திரைப் பொங்கலுக்குப் போனப்ப லேப்டாப்பை விரிச்சு வச்சு அக்காவுக்கும் மச்சானுக்கும் விளக்கினேன். கலர் எல்லாம் போட்டிருந்தேன். மதுரைக்குப் பச்சை, ஊர் பால்வாடிக்குச் செகப்பு. மச்சான் ஒண்ணும் பேசலை. வீட்டு வாடகை எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்டாரு. அக்கா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஒரு கட்டம் விட்டுப்போச்சே தம்பி"ன்னா.

"எதுக்கா?"

"சாயங்காலம் இவனை யாரு வெளையாடக் கூப்பிடுவாங்கன்னு நீ போடலயே."

எனக்குக் கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு. "வெளையாட்டு இப்ப முக்கியமாக்கா? இவனுக்கு ஸ்பீச் தெரபி வேணும், இன்னும் ரெண்டு வருஷம் போச்சுன்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

அக்கா குரலை ஒசத்தாமச் சொன்னா. "மதுரையில நாலு வருஷம் இருந்துட்டு திரும்பி இங்கதானே வரணும். அப்ப இவனுக்கு எட்டு வயசு. ஊர்ல ஒரு பிள்ளைக்கும் இவனைத் தெரியாது. மந்தப்பயன்னுதான் கூப்பிடுவாங்க. நீ இருப்பியா சண்டைக்குப் போக?"

பதில் சொல்லத் தெரியலை. எங்க ஊர்ல ஒரு அண்ணன் இருந்தாரு. வயசு நாப்பதுக்கு மேல. அவருக்கு என்ன குறைன்னு யாரும் சோதிச்சது கிடையாது. கம்மாய்க்கரையில உக்காந்திருப்பாரு. சின்ன வயசுல நாங்க அவரைக் கல்லால அடிச்சிருக்கோம். நானும்தான். அவர் பேரு என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பட்டப்பேரு மட்டும் தெரியும், அதை இங்க எழுத முடியாது. அக்கா அவரை மனசுல வச்சுத்தான் பேசுறான்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்த நாளே விசாரிக்கக் கெளம்பினோம். டவுன் எல்.கே.ஜி.யில மரியாதையாத்தான் பேசினாங்க. "டிரவுசர்லயே போகாம இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா, முப்பது பிள்ளைங்க இருக்கு"ன்னாங்க. இவனுக்கு அப்போ அது பழகலை. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, எங்களுக்குத்தான் வழி இல்லை.

கடைசியா ஊர் பால்வாடி. சின்ன வயசுல நான் படிச்ச அதே எடம். பால் கொடுக்கிறதால பால்வாடின்னு அப்ப நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா பாலை ஒருநாளும் கண்டதில்லை. அப்புறம்தான் தெரிஞ்சது, 'பால்'னா அங்க குழந்தை. மகாராஷ்டிரத்துல தாராபாய் மோதக், அனுதாய் வாக்னு ரெண்டு பேர், ஆதிவாசிப் பிள்ளைங்க பள்ளிக்கு வரலைன்னதும், பள்ளியையே அவங்க வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனாங்க. அங்கணம்னா முற்றம். அங்கன்வாடிங்கிற பேரு அதுல இருந்து வந்தது. 1975-ல மத்திய அரசு திட்டமாச்சு. தமிழ்நாட்டுல மட்டும் 54,439 மையங்க. எங்க வீட்டுல இருந்து பயலோட நடைக்கு முன்னூறு அடி.

டீச்சரம்மாவுக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும், பக்கத்து ஊரு. பயலைப் பார்த்ததும் பயந்துட்டாங்க. "எனக்கு இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு டிரெய்னிங் கிடையாதும்மா. கீழ விழுந்து எதுவும் ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாங்க"ன்னாங்க. மத்திய அரசு 2023 நவம்பர்ல மாற்றுத்திறன் குழந்தைகளுக்குன்னே அங்கன்வாடி நெறிமுறை ஒண்ணு வெளியிட்டிருக்கு. குறையைச் சீக்கிரமே கண்டுபிடிக்கணும், மத்த பிள்ளைங்களோட சேர்த்துக்கணும், மேல் சிகிச்சைக்கு அனுப்பணும்னு மூணு படி அதுல. நான் அதை போன்ல எடுத்துக் காட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டா.

"டீச்சர், ஒரு வாரம் நானும் கூட உக்காந்துக்கறேன். உங்களுக்குச் சரிப்படலைன்னா கூட்டிட்டுப் போயிடறேன்"ன்னா.

அக்கா உக்காந்தது ஒரு வாரம் இல்லை, ஒன்றரை மாசம். ஆடு மேய்க்க ஆளில்லாம அம்மா ரெண்டு ஆட்டை வித்துட்டாங்க. இதையும் எழுதணும். 'பக்கத்துலயே இருக்கு, இலவசம்'னு நாம சொல்ற எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு பொம்பளையோட நாள் முழுக்கப் போகுது. அது என் எக்செல்ல எந்தக் கட்டத்துலயும் இல்லை.

பால்வாடியைத் தூக்கிவச்சுப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. டீச்சரம்மாவுக்குப் பதிவேடு, எடை பார்க்கிறது, வீடு வீடா சத்துமாவு, போதாததுக்கு போன்ல போஷன் டிராக்கர் ஆப் வேற. டவர் கெடைக்காம மரத்தடியில கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஆப் எழுதிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில எனக்கு வெக்கமா இருந்துச்சு. பயலுக்குன்னு தனியா உக்காந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க அவங்களால முடியாது. அதுக்குத்தான் வாரம் ஒருநாள் திருச்சுழி வட்டார வள மையம். அங்க சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வாராங்க. பள்ளிக் கல்வித் துறை சார்பா, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பார்க்கிறாங்க. மாசம் ரெண்டு தடவை விருதுநகர். டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்றவங்களுக்கும் 2021-ல இருந்து டிக்கெட் இல்லை. ஆனா டவுன் பஸ்ஸு நேரத்துக்கு வரணும்ல. வெயில்ல ஒரு மணி நேரம் பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்க முடியாம மப்சல்ல ஏறினா காசு. அடையாள அட்டை வாங்கி, மாசம் 2,000 ரூபா உதவித்தொகை வந்ததுக்கு அப்புறம்தான் இந்த பஸ் கணக்கு ஒருவழியா நேரானது.

இப்போ என் தப்பு ஒண்ணைச் சொல்லணும்.

பயல் கூப்பிட்டா திரும்ப மாட்டான். அக்கா ரெண்டு மூணு தடவை போன்ல சொன்னா. நான்தான், "டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்க அப்படித்தான்கா, கவனம் லேட்டாத்தான் வரும், நான் படிச்சேன்"னு அடிச்சு விட்டேன். படிச்சேன் பாருங்க!

பால்வாடியில சேர்ந்து மூணு மாசம் இருக்கும். டீச்சரம்மா அக்காகிட்ட, "ஏம்மா, இவன் என் பக்கத்துல உக்காந்தா கைதட்டுறான். பின்னாடி உக்காந்தா சும்மா இருக்கான். மத்த பிள்ளைங்களைப் பார்த்துத்தான் தட்டுறான், பாட்டைக் கேட்டு இல்ல. காதைக் காட்டுங்களேன்"னு சொல்லியிருக்காங்க. டிரெய்னிங் இல்லைன்னு பயந்தாங்களே, அதே டீச்சரம்மா.

விருதுநகர்ல காட்டினோம். ரெண்டு காதுலயும் உள்ள நீர் கோத்து நிக்குது. இந்தப் பிள்ளைங்களுக்குக் காதுக்குழாய் சின்னதா இருக்கும்கிறதால இது ரொம்பச் சாதாரணமாம். வலிக்காது, சீழும் வராது. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு கேட்கிற மாதிரி இருக்குமாம். மூணு மாசம் பார்ப்போம், வடியலைன்னா சின்னதா டியூப் வைக்கணும்னு சொன்னாங்க. ஒரு காது வடிஞ்சிருச்சு, இன்னொண்ணைக் கவனிச்சுக்கிட்டு இருக்கோம்.

நான் அன்னைக்கு ராத்திரி ஆபீஸ் மாடியில போய் நின்னுக்கிட்டேன். எவ்வளவு நாளா அந்தப் பிள்ளை தண்ணிக்குள்ள இருந்து எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். நாங்க அவனுக்குப் புரியலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஒரு பேரு வச்சுட்டோம்னா எல்லாத்தையும் அந்தப் பேரு மேலயே போட்டுடறோம். பத்து புள்ளைங்களுக்கு நடுவுல உக்கார வச்சதாலதான் வித்தியாசம் தெரிஞ்சது. வீட்டுல தனியா வச்சிருந்தா இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

போன வாரம் போனப்ப பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'ன்னுதான் இவங்க பாடத்திட்டத்துக்கே பேரு. எல்லாமே பாட்டும் சைகையும். இந்தப் பிள்ளைங்களுக்குக் காதால கேட்டுப் படிக்கிறதைவிட கண்ணால பார்த்துச் செய்யுறது சுலபம்ங்கிறதால பொருந்திப் போச்சு. பேச்சுப் பயிற்சியில இவனுக்கு 'இன்னும் வேணும்'னு சொல்ல ரெண்டு கை விரல் நுனியையும் சேர்த்துத் தட்டக் கத்துக் கொடுத்திருக்காங்க. மதியம் ஆயா முட்டை கொண்டு வந்தாங்க. வரிசையா உக்காந்திருந்த அத்தனை வாண்டுகளும் ஆயாவைப் பார்த்து விரல் நுனியைத் தட்டுது! நல்லாப் பேசுற பிள்ளைங்கதான். இவன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு. ஆயா, "ஒத்த முட்டைதான்டா, தட்டுனா ரெண்டு வருமா"ன்னு திட்டிக்கிட்டே போறாங்க.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வாசல்ல ஒரு பொம்பளப்பிள்ளை வந்து நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. பட்டப்பேரு இல்லை, பேரு. இடது பக்கமா வந்து, கிட்டக்க நின்னு கூப்பிட்டுச்சு. அந்தக் காதுதான் நல்லாக் கேக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் சொல்லலை.

மதுரைக்குப் போயிருந்தா இன்னும் பத்து வார்த்தை கூடப் பேசியிருப்பானோ? பேசியிருக்கலாம். அது எனக்கு ராத்திரி தூக்கத்துல வந்து இடிக்கத்தான் செய்யுது. டவுன்ல வேலை இருக்கிறவங்க, பக்கத்துலயே நல்ல மையம் இருக்கிறவங்க எங்களைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. எங்க ஊருக்கு, எங்க பஸ்ஸுக்கு, எங்க அக்காவுக்குச் சரிப்பட்டது இது. ஆனா கட்டம் போடுறவங்க அக்கா சொன்ன அந்த ஒரு கட்டத்தையும் சேர்த்துப் போடுங்க.

அடுத்து ஒண்ணாம் வகுப்பு. ஆறு வயசு ஆனதும் சட்டப்படி இவனுக்கும் பக்கத்துப் பள்ளியில எடம் உண்டு. இந்தத் தடவை அக்கா கையை அமுக்கினாலும் போனை எடுத்துக் காட்டத்தான் போறேன்.

பி.கு: உங்க வீட்டுலயோ அக்கம்பக்கத்துலயோ இந்த மாதிரிப் பிள்ளையை ஊர் பள்ளியில சேர்த்திருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க. முக்கியமா டிரவுசர் விஷயம். அக்கா கேட்கச் சொன்னா.